எருமை ஈரலும் என் ஈரலும்

எக்ஸ்ரே படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. வலது பக்க விலா எலும்புகளுக்கு நடுவே, ஈரலின் மேல்விளிம்பு ஒரு பந்தின் முதுகு மாதிரி எழும்பி நின்றது. கோணல் இல்லாத வட்டம். அந்த வட்டத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். படத்தில் அல்ல, மேஜைமேல். அறுத்த எருமையின் வயிற்றிலிருந்து ஈரலை எடுத்துப் போட்டால் சிலவற்றில் இதே மேடு இருக்கும். விரலால் அழுத்தினால் தண்ணீர் நிறைந்த தோல்பை போல அதுவும் திருப்பி அழுத்தும்.

"சார், இது நீர்ப்பை" என்றேன். அப்போது என் மேலே சட்டைகூட இல்லை.

டாக்டர் கிருஷ்ணன் படத்தை இறக்கவில்லை. மாதுங்காவிலிருந்து வருகிறவர், பாலக்காட்டுத் தமிழ். "யார் சொன்னா?" என்று கேட்டார்.

"எருமைக்கு இப்படித்தான் சார் இருக்கும்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் மட்டும் சிரிக்காமல், "நீ எங்கேப்பா வேலை பாக்கறே?" என்றார்.

அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நான் பம்பாய்த் தாராவிக்காரன். அய்யா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டி அவர் பொறுப்பு. நான் மெட்ரிக் தேறி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியபின் எனக்குக் கிடைத்தது அறுப்புக்கூடத்தில் ஒரு வேலை, இறைச்சி இன்ஸ்பெக்டருக்கு உதவியாள். அவர் 'பாஸ்' என்றால் முத்திரை குத்த வேண்டும். கழித்தால் வெட்டித் தனியே போட வேண்டும். முதல் வாரம் வாந்தி எடுத்தேன். அதற்கடுத்த வாரம் இன்ஸ்பெக்டரைக் கேள்வி கேட்டே களைக்க வைத்துவிட்டேன்.

மாட்டின் நாக்கையும் தாடைச் சதையையும் கீறிப் பார்ப்பார்கள். சதைக்குள் வெந்த அரிசி அளவில் வெள்ளைக் கொப்புளம் இருந்தால் அது நாடாப்புழுவின் குஞ்சு. சரியாக வேகாத கறியோடு அது மனிதன் வயிற்றுக்குள் போனால் முழம் முழமாக வளரும். ஈரலைக் கீறினால் பித்தக் குழாயிலிருந்து இலை வடிவத்தில் தட்டையான புழு வழுக்கிக்கொண்டு வரும். அது சதுப்பில் மேய்ந்த எருமைக்கு அதிகம். மூன்றாவதுதான் இந்த நீர்ப்பை. ஈரலிலும் நுரையீரலிலும் இருக்கும், கோலிக்குண்டு அளவிலிருந்து தேங்காய் அளவுவரை.

நாடாப்புழுவைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் கறி அடுப்பில் ஏறினால் நான் பக்கத்தில் நிற்பேன். இன்னும் வேகட்டும், இன்னும் வேகட்டும் என்பேன். அம்மா ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏல, இதுக்கு மேல வேவ வச்சா செருப்புத் தைக்கத்தான் ஆவும். ஒங்கய்யா கெடங்குக்கே கொண்டு போயிரு. அங்கன சேத்துக்கிடுவாவ."

அய்யா சத்தம் போடாமல் மென்றுகொண்டிருந்தார். மெல்ல நேரமாகும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

நோய் மெதுவாகத்தான் வந்தது. முதலில் வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். மாட்டுத் தொடையைத் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று நினைத்தேன். அப்புறம் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. நாலு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். இடுப்பு வாரை இன்னொரு துளை தள்ளிப் போட்டேன். "தொப்பை போடுதான், ஆபீசர் ஆயிருவான்" என்றார் மச்சான். மச்சான் என்றால் என் அக்காவைக் கட்டியவர், இசக்கிமுத்து. அறுப்புக்கூடத்திலிருந்து பச்சைத்தோலை வண்டியில் ஏற்றி அய்யா வேலை செய்யும் கிடங்குக்குக் கொண்டுவருவது அவர் வேலை.

தொப்பை ஒரு பக்கம் மட்டும் போடாது என்று அம்மாதான் முதலில் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாதரில் டிராம் ஏறினால் நின்றுகொண்டேதான் போக வேண்டும். அம்மா என்னை உட்கார வைக்க ஒரு குஜராத்திச் சேட்டிடம் தமிழிலேயே சண்டை போட்டு இடம் வாங்கினாள். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் மில் ஆட்கள், கைக்குழந்தைக்காரிகள், கட்டுப்போட்ட கால்கள். பெயர் கூப்பிடும் ஆள் தமிழ்ப் பெயர்களைக் கடித்துத் துப்புவான். அதனால் ஏறக்குறைய நம் பெயர் மாதிரி எது கேட்டாலும் எழுந்து நிற்க வேண்டும்.

முதலில் பார்த்தவர்கள் அமீபாச் சீழ் என்றார்கள். சீதபேதியை உண்டாக்கும் கிருமி சில சமயம் குடலிலிருந்து ஈரலுக்கு ஏறிச் சீழ்க்கட்டி வைக்கும். பம்பாயில் அது சாதாரணம். ஆகவே அதற்கான ஊசி. போட்ட கை வீங்கும், நெஞ்சு படபடக்கும், எழுந்து நடக்கவே அலுப்பாக இருக்கும். கட்டி குறையவில்லை. சரி, நீள ஊசியைக் குத்திச் சீழை இழுத்துவிடுவோம் என்று முடிவானது. அதற்கு முன்னால் பெரிய டாக்டர் பார்க்கட்டும் என்று எடுத்ததுதான் அந்தப் படம்.

நான் வேலையைச் சொன்னதும் டாக்டர் கிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஊசி குத்தறதா இருந்தது. நான் வேண்டாம்னு எழுதிட்டேன். சீழ்னா காய்ச்சல் இருக்கணும், உனக்கு இல்லை. நீ எருமைன்னு சொன்னதுக்காக இல்லை, தெரியறதோ?"

"தெரியுது சார். குத்தினா என்ன ஆகும்?"

"உள்ளே இருக்கற தண்ணி பாக்க இளநீர் மாதிரி இருக்கும். ஆனா வயித்துக்குள்ளே சிந்தினா உடம்பு அதைத் தாங்காது. ரத்த அழுத்தம் விழுந்துடும். மேஜையிலேயே போனவா உண்டு. பொழைச்சாலும் அந்தத் தண்ணியிலே மணல் மாதிரி புழுத்தலைகள் இருக்கு. ஒவ்வொண்ணும் விதை. விழுந்த இடத்துலெல்லாம் இன்னொரு பை வளரும்."

அறுப்புக்கூடத்தில் நான் எத்தனையோ பைகளைக் கத்தி முனையால் குத்தித் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்து ரசித்தவன். இப்போது வயிற்றின்மேல் கையை வைக்கவே பயமாக இருந்தது. டிராமில் யாராவது முழங்கையால் இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். நினைக்கக்கூடாது என்று நினைத்தால் அதுதான் வருகிறது.

"ஆனா சார், நான் வேகாத கறி தின்னதே இல்லை. எங்க வீட்டுல செருப்பு மாதிரி வேக வைப்போம்."

"கறிலேர்ந்து இது வராது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நாடாப்புழு கறிலேர்ந்து வரும். நீ வேகவெச்சது வீண் இல்லை. இது வேற கதை. ஆத்துல நாய் இருக்கோ?"

அப்புறம் அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இந்தப் புழு வளர்ந்த நிலையில் இருப்பது நாயின் குடலில். எள்ளைவிடச் சிறியது. நாயை அது ஒன்றும் செய்யாது. அதன் முட்டை மலத்தோடு வெளியே வந்து புல்லிலும் மண்ணிலும் நாயின் மயிரிலும் ஒட்டும். புல்லோடு மாடு தின்றால் மாட்டின் ஈரலில் பை. நாயைத் தடவிய கையை வாயில் வைத்தால் மனிதன் ஈரலில் பை. அந்தப் பையுள்ள ஈரலை நாய் தின்றால் நாய்க்குள் மறுபடியும் புழு. "அதாவது, எருமையும் நீயும் ஒரே பந்தி. பரிமாறறது நாய்" என்றார்.

எனக்கு உடனே கறுப்பி ஞாபகம் வந்தது.

பச்சைத்தோல் இருக்கிற இடத்தில் எலி வரும், பெருச்சாளி வரும், திருடனும் வருவான். அதனால் கிடங்கு முற்றத்தில் நாய்கள் உண்டு. அவற்றுக்குச் சோறு யார் போடுவது? அறுப்புக்கூடத்தில் கழித்த நுரையீரலையும் ஈரலையும் ஒரு சாக்கில் கட்டித் தோல்வண்டியிலேயே அனுப்புவோம். அதற்கு 'நாய்ப் பங்கு' என்று பெயர். எல்லோருக்கும் அது நல்ல ஏற்பாடாகவே தோன்றியது. மனிதன் தின்னக்கூடாததைக் கழித்தாயிற்று, எறிவானேன், ஒரு வாயில்லா ஜீவன் தின்னட்டும். சாக்கைக் கட்டுவது நான், ஓட்டிப்போவது மச்சான், தின்பது கறுப்பி. சாயங்காலம் கறுப்பி எங்கள் வீட்டுக்கு வந்து என் கட்டிலுக்கு அடியில் படுக்கும். நான் ஒரு கையால் அதன் காதைச் சொறிந்துகொண்டே மறுகையால் வேர்க்கடலை தின்றபடி படிப்பேன்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. நீர்ப்பையின் தண்ணீரைச் சுத்தமாக வடிகட்டி, ஒரு சொட்டை முன்கைத் தோலுக்குள் ஏற்றுவார்கள். உடம்பில் ஏற்கெனவே பை இருந்தால் அந்த இடம் தடித்துச் சிவக்கும். ஆனால் சோதனைச்சாலையில் அந்தத் தண்ணீர் இல்லை. உலகச் சண்டைக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருவது நின்றது, இன்னும் வரவில்லை.

"புதுசா ஒரு பை கிடைச்சா இங்கேயே தயார் பண்ணலாம்" என்றார் டாக்டர். என் பக்கம் பார்த்துத்தான் சொன்னார்.

மறுநாள் மச்சான் வந்தார், கையில் அம்மாவின் டிபன் கேரியர். இன்ஸ்பெக்டரே தேர்ந்தெடுத்துக் கொடுத்த எருமை ஈரல், பை உடையாமல், ஈரத்துணி சுற்றி அடித்தட்டில்.

"டிராமில ஒரு மதராஸ் அய்யர் பக்கத்துல உக்காந்திருந்தாரு, மாப்ள. 'ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடா'ன்னாரு. ஆமான்னேன். 'என்ன சாதம்'னாரு."

"என்ன சொன்னிய?"

"தயிர்சாதம்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

அந்த டிபன் கேரியர் மறுபடியும் எங்கள் அடுக்களைக்குள் வரவில்லை. அம்மா அதை மச்சானுக்கே கொடுத்துவிட்டாள். அவர் இப்போது அதில் வண்டிக்கு மசகு எண்ணெய் வைத்திருக்கிறார்.

எருமையின் தண்ணீர் என் கையில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் கொசுக்கடி மாதிரி எழும்பியது, பிறகு விளிம்பு கிளைகிளையாக ஓடிப் பரந்தது. சோதனை சரியாக வேலை செய்கிறதே என்ற சந்தோஷத்தில் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கையை நீட்டிக் காட்டினேன். அவர் ஷிண்டே, டிராம் கண்டக்டர், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர். கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாகல் ஹை க்யா?" என்றார். பைத்தியமா என்று கேட்கிறார். சந்தோஷப்படுகிற விஷயமா இது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பை இருப்பது நிச்சயமாகிவிட்டது. இனி வெட்டுவதுதான்.

ஆபரேஷனுக்குக் காத்திருந்த நாட்களில் வார்டு பழகிப்போனது. பினாயில் வாசனை, காலையில் தகரக் குவளை டீ, பார்வையாளர் நேரத்தில் எல்லாப் பாஷையிலும் ஒரே கேள்வி: சாப்பிட்டாயா. ராத்திரி விளக்கைக் குறைத்ததும் நான் மல்லாந்தே படுத்திருப்பேன். புரண்டால் உடைந்துவிடும் என்று பயம். புரண்டால் உடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது மூளைக்குப் புரிந்தது, முதுகுக்குப் புரியவில்லை.

அய்யா ஷிப்டு முடிந்து வருவார். சுண்ணாம்பில் வெடித்த விரல்களால் மொசம்பி என்கிற சாத்துக்குடியை உரிப்பார். சாறு வெடிப்பில் பட்டால் எரியும். உரித்துச் சுளையிலிருந்து வெள்ளை நாரைக்கூட எடுத்துத் தட்டில் வைப்பார். ஒருநாள் மட்டும் கேட்டார்.

"எருமைக்கு இதை எடுத்துட்டா எருமை பொழைக்குமா?"

"எருமைக்கு யாரும் எடுத்துப் பாத்ததில்லய்யா. அதை முதல்லயே அறுத்துருதாவ."

"அது சரி" என்றார். இன்னொரு மொசம்பியை எடுத்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டரிடம் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். வேறு நோயாளி கேட்டிருந்தால் கவலைப்படாதே என்று சொல்லிப் போயிருப்பார். எனக்கு விளக்கினார். வயிற்றைத் திறந்து, பையைச் சுற்றிலும் மருந்தில் நனைத்த துணிகளை நெருக்கமாக அடைப்பது. பிறகு பையிலிருந்து தண்ணீரை மெதுவாக ஊசியால் இழுப்பது. உள்ளே பார்மலின் ஏற்றி, புழுத்தலைகள் சாகும்வரை காத்திருப்பது. அதற்கப்புறம்தான் பையைத் திறந்து உள்சவ்வை உருவி எடுப்பது. சிந்தாமல் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

"அந்தச் சவ்வை எனக்குக் காட்டணும் சார்."

"முதல்லே நீ முழிச்சுக்கோ. அப்புறம் காட்டறேன்."

அன்று அம்மா வழக்கத்துக்கு மாறாக என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

மயக்க மருந்து ஈதரின் வாசனை இனிப்பாக இருந்து, தொண்டையில் எரிந்து, பிறகு ஒன்றும் இல்லாமல் போனது. விழித்தபோது வயிற்றில் ஒரு ரப்பர் குழாயும், வாயில் பஞ்சு நாக்கும், உடம்பெல்லாம் அரிப்பும் இருந்தன. நெஞ்சிலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. மூச்சு இழுக்க முடியவில்லை. யாரோ ஓடினார்கள், தொடையில் ஊசி இறங்கியது. இருதயம் ரயில் மாதிரி ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது. கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் இந்தியில் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தது: "மேரா லட்கா, மேரா லட்கா." என் பையன் என்று சொல்கிற அளவுக்கு அம்மாவுக்கு இந்தி தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

பென்சிலின் வெளியே வாங்க வேண்டியிருந்தது. கிடங்கு ஆட்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள். நேரம் தவறாமல் பின்பக்கம் குத்துவார்கள். உட்கார இடமில்லாமல் போனதும் ஷிண்டே என்னை 'சல்லடை' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

டாக்டர் ஒருநாள் ஜாடியோடு வந்தார். உள்ளே நுங்கு மாதிரி வெள்ளையாக, வழவழவென்று, மடிந்து கிடந்தது சவ்வு. எருமையினுடையதுக்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. வெகுநேரம் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"முழுசா வந்துடுத்து" என்றார். "ஆனா உனக்கு மேலெல்லாம் தடிச்சுதே, அதனாலே சொல்றேன். ஒரு சொட்டு சிந்தியிருக்கலாம். அதுலே விதை இருந்ததோ, மருந்துலே செத்துதோ, எனக்குத் தெரியாது. சில வருஷம் போனாத்தான் தெரியும்."

"தெரிஞ்சா?"

"வா. மறுபடியும் திறப்போம்."

அவர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால்தான் இங்கே எழுத முடிகிறது.

குழாய் எடுத்தபின் மச்சானிடம் நாயின் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் முகம் கறுத்துப்போனது.

"அப்பம் நான்தான் வண்டி வண்டியா கொண்டாந்து ஒன் வயித்துல போட்டிருக்கேன்."

"சாக்கைக் கட்டினது யாரு மச்சான்? நான்தான."

"நாய்க்குப் போட்டது ஒரு குத்தமாவே? எங்கன போய்ச் சொல்ல?" என்றவர், "நாளையிலருந்து ஒரு துண்டு கெடயாது" என்று எழுந்தார்.

சொன்னபடி நிறுத்தினார். சனியன், அது சரிவரவில்லை. பசித்த நாய்கள் கசாப்புக்கடைகளின் பின்பக்கம் போய் அதே கழிவை அதே பச்சையாகத் தின்றன. கறுப்பி ஒரு தோலின் ஓரத்தைக் கடித்து இழுத்துவிட்டது. கிடங்கு மேஸ்திரி, நாயைக் கட்டுகிறீர்களா, விஷம் வைக்கவா என்று கேட்டுவிட்டார். நான் வீடு வந்ததும் முதலில் காதில் விழுந்த செய்தி இதுதான். அக்காவின் சின்ன மகள் கறுப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பிரித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். அவள் ஊரைக் கூட்டி அழுதாள்.

படுத்தபடியே யோசித்தேன். நாயைப் பட்டினி போட முடியாது. பச்சையாகப் போடக்கூடாது. வேகவைத்தால் பைக்குள் இருப்பதெல்லாம் செத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது வேடிக்கைதான். வீட்டுக்கறியை மாய்ந்து மாய்ந்து வேகவைத்தவன், நாய்ப் பங்கைப் பற்றி யோசித்ததே இல்லை. கிடங்கில் தோல் துண்டுகளைக் காய்ச்சி வச்சிரப் பசை எடுக்கும் பழைய கொப்பரை ஒன்று ஓட்டையடைத்துச் சும்மா கிடக்கிறது. தோல் பதனிட்டுச் சாறு போன மரப்பட்டை எரிக்கக் கிடைக்கும்.

அய்யா கைத்தாங்கலாகப் பிடிக்க, மேஸ்திரியிடம் கொப்பரையைக் கேட்கப் போனேன்.

"நாய்க்குச் சமையல்காரன் வைக்கணுமாலே? நாளைக்கு ரசம் கேக்கும்" என்றார்.

சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினேன். தையலை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த தன் பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். "கொப்பரையை நல்லாத் தேச்சுக் குடுக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொப்பரை இனி உள்ளே போவதைத் தடுக்கும். ஏற்கெனவே நாய்களின் குடலில் இருப்பதை என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பினார். பாக்குத்தூள். வெறும் வயிற்றில் கொடுத்துக் கட்டிப்போட்டால் நாய்க்குப் பேதியாகிப் புழு வெளியே வரும். வருவதையெல்லாம் குழியில் போட்டு எரித்துவிட வேண்டும். கையால் தொடக்கூடாது. அளவு நாயின் எடையைப் பொறுத்தது. கூடினால் நாயே போய்விடும், குறைந்தால் புழு போகாது.

"வெத்தலையும் சுண்ணாம்பும் வச்சு மடிச்சே குடுத்திரு" என்றாள் அம்மா. ஆனால் பாக்கை இடித்துச் சலித்து வைத்திருப்பது அவள்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்கு விடுமுறை, அன்றுதான் பாக்குத்தூள். குழியை மச்சான் வெட்டியாயிற்று. என்னைக் கிட்டே வரக்கூடாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து அளவு சொல்லத்தான் போகிறேன். முதலில் கறுப்பி. தோல் நிறுக்கும் தராசின் ஒரு தட்டில் அதை ஏற்றி நிறுக்க வேண்டும். தராசு முள் நிற்கும்வரை அது அசையாமல் நிற்க வேண்டும்.